வளையல் உடையாத இறுக்கம்

ஜஹீதா வேலைக்குச் சேர்ந்த நாளில் அவளுக்குத் தெரிந்த ஒரே இயந்திரம் டைப்ரைட்டர். மயிலாப்பூர் கச்சேரி சாலையில் மசூதிக்குப் பின்னால் இருந்த சந்தில் அவள் வீடு. அப்பா சின்ன வயதிலேயே இறந்துவிட்டார். அம்மா அமீனா பீ அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்தே மகளை எஸ்.எஸ்.எல்.சி. முடிக்க வைத்தாள். 1969இல் தியாகராய நகரில், பனகல் பார்க் பக்கம் ஒரு மாடியில் இருந்த சின்ன ஏஜென்சியில் டைப்பிஸ்ட் வேண்டும் என்று கேள்விப்பட்டு ஜஹீதா போய் நின்றாள். மறுநாளே வரச் சொல்லிவிட்டார்கள்.

ஏஜென்சியை நடத்தியவர் கல்யாணராமன். ஆறடி உயரம், அதற்கேற்ற அகலம். மயிலாப்பூர்க்காரர். அவருக்கு உதவியாகச் சாமான்களைச் சுமப்பது, பிரிப்பது, பூட்டுவது எல்லாம் வேலு. கோடம்பாக்கம் ஸ்டுடியோ ஒன்றில் செட்டுகளுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவன். அங்கே கழித்துப்போட்ட, காற்றை அடைத்து அழுத்தித் தரும் கம்ப்ரஸர் ஒன்று விலைக்கு வந்தபோது, கம்ப்ரஸரோடு வேலுவும் இங்கே வந்துவிட்டான். கம்ப்ரஸரின் வயிற்றில் ஏதோ அரண்மனை செட்டுக்கு அடித்த தங்க நிறப் பெயின்ட் கடைசி வரை திட்டுத் திட்டாக ஒட்டியிருந்தது.

பம்பாயில் செய்த காற்றுக் கருவிகளைச் சென்னைத் தொழிற்சாலைகளுக்கு விற்பது அவர்கள் தொழில். அதில் முக்கியமானது காற்றால் ஓடும் ஸ்க்ரூடிரைவர். பார்க்கக் கொஞ்சம் தடித்த டார்ச் லைட் போல இருக்கும். பின்னால் ரப்பர் குழாய் வழியாகக் காற்று வரும்; லீவரை அழுத்தினால் முன்னால் இருக்கும் முனை சுழன்று ஸ்க்ரூவை இறுக்கும். வேண்டிய இறுக்கம் வந்ததும் உள்ளே ஒரு பாகம் நழுவிக்கொடுக்கும்; கடகடவென்று சத்தம் வரும்; ஸ்க்ரூ அதற்கு மேல் ஏறாது. முறுக்கை அளவோடு நிறுத்தும் அந்தப் பாகத்துக்குப் பெயர் டார்க் லிமிட்டிங் கிளட்ச். ஜஹீதா ஒவ்வொரு கடிதத்திலும் அந்த மூன்று சொற்களை அடித்தாள். அது என்னவென்று அவளுக்குத் தெரியாது. கேட்கவும் கூச்சம்.

சின்னப் பட்டறைக்காரர்களுக்குத் தமிழில் ஒரு நோட்டீஸ் போட்டால் நல்லது என்று கல்யாணராமனுக்குத் தோன்றியது. 'அளவுக்கு மேல் போனால் முறுக்கு தானாக நின்றுவிடும். கைவலி இல்லை. நேரில் வந்து பார்க்கவும்' என்று அவரே எழுதி அச்சடித்துத் தெருத்தெருவாகக் கொடுக்கச் செய்தார். முதல் ஆளாக மாடி ஏறி வந்தவர் ரங்கநாதன் தெருவில் பலகாரக் கடை வைத்திருந்த அய்யாதுரை. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கருவியைக் கையில் வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. மாவை எந்தப் பக்கம் போடணும்?"

கல்யாணராமனுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் அவருக்குக் காபி வரவழைத்துக் கொடுத்து, இது தின்கிற முறுக்கு இல்லை என்று விளக்கினார். அய்யாதுரை கோபித்துக்கொள்ளவில்லை. "அப்ப அப்படி ஒண்ணு வந்தா சொல்லி அனுப்புங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மீதி நோட்டீஸ்களை ஜஹீதா பின்பக்கம் கணக்குப் போடப் பயன்படுத்திக்கொண்டாள்.

ஒரு நாள் மதியம், முதலாளி வெளியே போயிருந்தார். ஜஹீதா கூச்சத்தை விட்டுவிட்டு வேலுவிடம் கேட்டாள்.

"வேலண்ணே, கிளட்ச் கிளட்ச்னு தினமும் அடிக்கிறேன். அது எங்கே இருக்கு?"

"உள்ள கீது தங்கச்சி. கயட்டிப் பாக்கலாமா?"

"கழட்டினா திரும்ப மாட்டத் தெரியுமா?"

"கயட்டுனா தெரிஞ்சிடப் போவுது."

முன்பக்க வளையத்தை வேலு திருகிக்கொண்டே போனான். கடைசி மரை விட்டதும் உள்ளே அமுங்கியிருந்த ஸ்பிரிங் விர்ரென்று பாய்ந்து மின்விசிறி இறக்கையில் பட்டுத் தெறித்தது. கூடவே சின்னச் சின்ன எஃகு உருண்டைகள் தரை முழுதும் ஓடின. இருவரும் மேஜைக்கு அடியில் தவழ்ந்து தேடிக்கொண்டிருந்தபோது கல்யாணராமன் உள்ளே வந்தார்.

"என்ன வேலு, ரெண்டு பேருமா கோலி ஆடிண்டிருக்கேளா?"

அவர் நிலைமையைப் பார்த்தார். கதவைச் சாத்தினார். பெரிய உடம்பை மடக்கிக்கொண்டு தானும் தரையில் உட்கார்ந்து, பீரோவுக்கு அடியில் கையை விட்டார். கடைசி உருண்டை வேலுவின் கால்சட்டை மடிப்பில் கிடைத்தது.

பிறகு மூவருமாக அதைப் பூட்டினார்கள். இரண்டு வட்டத் தகடுகள், அவற்றில் குழிகள், குழிகளுக்கு நடுவே உருண்டைகள், பின்னாலிருந்து அழுத்திப் பிடிக்க ஸ்பிரிங். ஸ்க்ரூ இறுகி நின்றதும் உருண்டைகள் ஸ்பிரிங்கைத் தள்ளிக்கொண்டு குழியை விட்டு ஏறிவிடும். அதுதான் அந்தக் கடகட. பூட்டி ஓடவிட்டபோது ஸ்க்ரூவைத் தொட்டதுமே அது கடகடத்தது. ஸ்பிரிங்கை அமுக்கும் வளையத்தைத் திருக மறந்திருந்தார்கள். ஜஹீதா வளையத்தைக் கொஞ்சம் திருகிப் பார்த்தாள், இன்னும் கொஞ்சம். ஒவ்வொரு திருகலுக்கும் சத்தம் சற்றுத் தாமதமாக வந்தது. ஆசை தீர மாலை வரை அதையே செய்துகொண்டிருந்தாள். அன்று அவள் ஒரு கடிதமும் அடிக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

தெரிந்துகொண்டதெல்லாம் சரி, கருவி விற்கவில்லை. கல்யாணராமன்தான் பட்டறை பட்டறையாகப் போய் ஓட்டிக் காட்டுவார். அடையாறில் டிரான்சிஸ்டர் ரேடியோக்களைப் பூட்டி விற்ற கருணாகரன் என்பவர் ஒரு மணி நேரம் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "சார், உங்க கைக்கு எதைக் குடுத்தாலும் ஸ்க்ரூ ஏறத்தான் செய்யும். எங்க ஆளுங்க உடம்பைப் பாருங்க" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. கல்யாணராமன் கையில் அந்தக் கருவி பேனா போல இருந்தது.

மறுநாள் அவர் ஜஹீதாவின் மேஜைக்கு வந்து நின்றார்.

"நான் புடிச்சா பலம்ங்கறா. நீ வந்து புடியேன். உனக்குத்தான் அது நன்னா வரதே."

"ஃபேக்டரிக்கா சார்? அம்மாவைக் கேக்கணும்."

வீட்டில் அம்மாவும் மகளும் பேசுவது உருதுவில். தமிழில் சொன்னால் அந்தப் பேச்சு இப்படி வரும்:

"டைப் அடிக்கத்தானே சேர்ந்தே?"

"இதுவும் ஆபீஸ் வேலைதான் அம்மீ."

"எத்தனை ஆம்பிளைங்க இருப்பாங்க?"

"எனக்கு எப்படித் தெரியும்? பட்டறைன்னா ஆம்பிளைங்கதான் இருப்பாங்க."

அமீனா பீ ஊசியில் நூல் கோத்துக்கொண்டே யோசித்தாள். வேண்டாம் என்று சொல்வாள் என்றுதான் ஜஹீதா நினைத்தாள். "நானும் வரேன். பார்த்துட்டுச் சொல்றேன்" என்றாள் அம்மா.

ஆகவே அடையாறுக்கு மறுபடி போனபோது கூட்டம் பெரிதாக இருந்தது. டிரைசைக்கிளில் கம்ப்ரஸரைக் கட்டிக்கொண்டு வேலு முதலிலேயே போயிருந்தான். பஸ்ஸில் கல்யாணராமன் ஆண்கள் பக்கம், அம்மாவும் மகளும் பெண்கள் பக்கம். கருணாகரன் புர்கா அணிந்த அம்மாளைப் பார்த்துத் திகைத்து, யாரென்று கேட்காமலே நாற்காலி போட்டார்.

ஜஹீதா கருவியைக் கையில் எடுத்தாள். முதல் ஸ்க்ரூ முனையை விட்டு நழுவி விழுந்தது. இரண்டாவது நேராக ஏறியது. மூன்றாவது, நான்காவது எல்லாம் டர்ரென்று ஏறிக் கடகடவென்று நின்றன. ரேடியோப் பெட்டியின் பிளாஸ்டிக் விரியவில்லை. வேலையாட்கள் கிட்டே வந்து பார்த்தார்கள். ஆனால் கருணாகரன் லேசில் ஒப்புக்கொள்கிறவர் இல்லை.

"அது தானா நிக்குதா, இல்லை நீங்க பார்த்து நிறுத்துறீங்களாம்மா?"

ஜஹீதா இன்னொரு ஸ்க்ரூவை எடுத்தாள். நாற்காலியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "கையைப் பார்த்துப் புடி. வளையல் சிக்கி உடையப் போகுது."

அதைக் கேட்டதும் ஜஹீதா கையிலிருந்து ஒரு பச்சைக் கண்ணாடி வளையலைக் கழற்றினாள். அவர்கள் கொண்டுவந்திருந்த பலகையின் மேல் அதைப் படுக்கவைத்து, குறுக்கே ஒரு மரச்சட்டத்தை வைத்து, சட்டத்தின் நடுவே வளையலுக்குள் இறங்கும்படி ஸ்க்ரூவை நிறுத்தினாள். கிளட்ச் வளையத்தைத் தளர்த்தினாள். லீவரை அழுத்தியபடி முகத்தைத் திருப்பி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டாள். டர்ர். கட் கட் கட். கருணாகரன் குனிந்து பார்த்தார். சட்டம் ஆடாமல் பிடித்திருந்தது. வளையல் முழுசாக இருந்தது.

"இப்போ இறுக்கி வைக்கிறேன் பாருங்க" என்று கிளட்ச் வளையத்தை நன்றாகத் திருகி மறுபடி அழுத்தினாள். சத்தம் வரும் முன்பே வளையல் இரண்டாக விட்டது.

"போன வாரம் போட்டது" என்றாள் அமீனா பீ, யாரிடமும் இல்லாமல்.

வேலை முடிந்ததென்று வேலு குழாயைச் சுருட்டப் போனபோது அமீனா பீ எழுந்து வந்தாள். "என்கிட்ட குடு" என்று கருவியை வாங்கி, தானே ஒரு ஸ்க்ரூவை இறுக்கினாள். கடகடவென்று அது நின்றதும் புர்காவுக்குள் அவள் சிரித்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. இன்னொரு ஸ்க்ரூ கேட்டாள். கருணாகரன் அன்றே தனக்கு ஒன்று வேண்டும் என்றார். வீட்டுக்குப் போகும் வழியில் ஜஹீதா அம்மாவின் முடிவைக் கேட்டாள். "ஆம்பிளைங்க இருக்காங்கதான். எல்லாரும் ஸ்க்ரூவைத்தான் பாக்கறாங்க" என்றாள் அமீனா பீ. அதற்குப் பிறகு அவள் கூட வரவில்லை.

டைப் அடிக்க வேறு ஆள் போட்டார்கள். ஜஹீதா சென்னை முழுதும் சுற்றினாள். தையல் மிஷின் பூட்டுகிற இடம், சைக்கிள் விளக்கு செய்கிற இடம், பள்ளிக்கூட பெஞ்சு செய்கிற இடம். போகிற இடமெல்லாம் வளையல் உடைந்தது. அதற்கு முன் உடையாமலும் இருந்தது. ஆரம்பத்தில் சில இடங்களில் கேலி பேசினார்கள். ஓர் இடத்தில் அவள் காதில் விழும்படியே ஒருவன் சினிமாப் பாட்டுப் பாடினான். அவள் கருவியை அவனிடமே நீட்டி, "நீங்க ஓட்டுங்க, கை மட்டும் உதறாமப் பாத்துக்குங்க" என்றாள். அவன் பாட்டை மறந்து அரைமணி நேரம் ஓட்டிக்கொண்டிருந்தான். அன்றிலிருந்து கருவியை முதலில் ஓட்டிப் பார்க்கக் கொடுத்துவிடுவது அவள் வழக்கமாகிவிட்டது.

வளையல் வாங்குவது கல்யாணராமன் பொறுப்பு. அவர் வடக்கு மாட வீதியில் வளையல் கடை முன் நின்று, அளவும் கனமும் பார்த்துப் பார்த்து ஒரே மாதிரியாகப் பொறுக்குவார். ஒருமுறை அவருடைய மைத்துனி ரத்னா அதைப் பார்த்துவிட்டு நேரே அக்காவிடம் போய்ச் சொன்னாள். மாலை வீட்டுக்குப் போனதும் மனைவி சீதா கேட்டாள்.

"ஏன்னா, அத்தனை வளையல் யாருக்கு?"

"ஸ்க்ரூவுக்கு" என்றார் அவர். சீதாவை ஒரு நாள் ஆபீசுக்கே அழைத்து வந்து காட்டிய பிறகுதான் வீட்டில் பேச்சு வார்த்தை சரியாயிற்று.

1973இல் கிண்டித் தொழிற்பேட்டையில் மின்விசிறி செய்யும் ஒரு தொழிற்சாலையிலிருந்து அழைப்பு வந்தது. விசிறிக்கான ரெகுலேட்டரின் மேல்மூடி, பேக்கலைட் என்ற கெட்டியான பிளாஸ்டிக்கில் செய்தது. கையால் இறுக்கும்போது ஒரு சுற்று கூடிப்போனால் விரிந்துவிடும்; குறைந்தால் ஆடும். விரிந்த மூடிகள் ஒரு மூலையில் குவியலாகக் கிடந்தன. அதுவரை அவர்கள் பார்த்த இடங்களிலெல்லாம் பெரியது அது. கல்யாணராமன் காலையிலேயே கபாலீஸ்வரர் கோயிலுக்குப் போய்விட்டு வந்திருந்தார்.

பூட்டும் பகுதிக்கு ஃபோர்மன் பஞ்சாட்சரம். நெற்றி நிறைய விபூதி, மெல்லிய குரல். அவரே கம்ப்ரஸருக்கு மின்சாரம் கொடுத்து, ஆட்களைச் சுற்றி நிற்க வைத்தார். ஜஹீதா பலகையை வைத்து, வளையலைக் கழற்றியதும் அவர் கை நீட்டித் தடுத்தார்.

"எதுக்கும்மா வளையல்?"

"இது உடையாம நிக்கும். அப்புறம் இறுக்கி வச்சா உடையும். அதைக் காட்டத்தான்."

பஞ்சாட்சரம் தயங்கினார். "தப்பா எடுத்துக்காதீங்க. என் பொண்ணுக்கு வர்ற வெள்ளிக்கிழமை வளைகாப்பு. இன்னைக்கு என் கண்ணு முன்னாடி வளையல் உடைய வேண்டாம்."

கல்யாணராமன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ஜஹீதா வளையலைக் கையில் திரும்ப மாட்டிக்கொண்டுவிட்டாள். "தலைப்பிரசவமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றார். "நல்லபடியா நடக்கட்டும். வேற ஏதாவது வச்சுப் பாப்போம்."

ஆனால் வேறு எதுவும் கொண்டுவரவில்லை. விரிந்த மூடியை வைத்துக் காட்டினால் எடுபடாது. நல்ல மூடியை உடைத்துக் காட்ட, கூடவே நின்ற தொழிற்சாலை மேனேஜர் விடமாட்டார். சுற்றி நின்றவர்கள் ஒவ்வொருவராக யோசனை சொன்னார்கள். மதியச் சாப்பாட்டு நேரம். கான்டீனிலிருந்து அப்பளம் பொரிக்கும் வாசனை வந்தது. வேலுதான் சொன்னான்.

"தங்கச்சி, அப்பளம் இன்னா ஆவும்?"

"நொறுங்கிப் போகும்."

"நொறுங்காம வச்சா?"

கான்டீனில் சமைத்துக்கொண்டிருந்த முனியம்மாள் ஒரு தட்டு நிறையப் பொரித்த அப்பளத்தோடு தானே வந்துவிட்டாள். ஒரு கம்பியைச் சூடாக்கி அப்பளத்தின் நடுவே துளை போட்டார்கள். ஸ்க்ரூவுக்கு அடியில் அகலமான வாஷர் ஒன்றைக் கோத்தார்கள். ஜஹீதா கிளட்சை நன்றாகத் தளர்த்தி அழுத்தினாள். முதல் அப்பளம் தூளாயிற்று. எல்லோரும் சிரித்தார்கள், ஜஹீதாவும் சிரித்தாள். இன்னும் தளர்த்தினாள். இரண்டாவது பாதியாக விட்டது. கல்யாணராமன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "எண்ணெயில இன்னும் ஒரு கொதி விட்டிருக்கணும்" என்றாள் முனியம்மாள், தப்பு அப்பளத்தின் மேல்தான் என்பது போல.

ஜஹீதா வாஷருக்கு அடியில் ஒரு சின்ன ரப்பர் துண்டை வெட்டிப் போட்டாள். கிளட்ச் வளையத்தை இருக்கிற அளவுக்கெல்லாம் தளர்த்தினாள். லீவரை அழுத்திவிட்டு, பழக்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டர்ர். கட் கட்.

பஞ்சாட்சரம் குனிந்து, அப்பளத்தின் ஓரத்தை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். வாஷருக்கு அடியில் கொப்புளங்கள் கொஞ்சம் அமுங்கியிருந்தன. மற்றபடி அப்பளம் அப்படியே இருந்தது. பலகையைத் தூக்கித் தலைகீழாகப் பிடித்தார். அப்பளம் விழவில்லை.

"ரெகுலேட்டர் மூடி இதைவிட கெட்டி" என்றார் அவர் நிதானமாக. அப்புறம் நல்ல மூடிகளை அவரே எடுத்துக் கொடுத்தார். ஜஹீதா கிளட்சை அதற்கேற்றபடி இறுக்கி, வரிசையாகப் பூட்டிக் காட்டினாள். ஒன்றும் விரியவில்லை.

அப்போது கூட்டத்திலிருந்து ஜவஹர் என்ற தொழிலாளி ஒருவர், "இது வந்துட்டா எங்கள்ல பாதிப் பேரை வேண்டாம்னு சொல்லிடுவாங்களா?" என்று கேட்டார். ஜஹீதாவுக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னாள். மேனேஜர் முன்வந்து யாரையும் அனுப்பமாட்டோம் என்றார். அந்த வார்த்தையைக் காப்பாற்றவும் செய்தார். அந்தக் கோடையில் விசிறிக்கு இருந்த கிராக்கியில் இன்னும் ஆட்களைத்தான் சேர்த்தார்கள்.

மிச்ச அப்பளத்தை எல்லோரும் சாப்பாட்டோடு தின்றார்கள். வெள்ளிக்கிழமை வளைகாப்புக்கு ஜஹீதாவும் அமீனா பீயும் போனார்கள். பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணின் ரவிக்கையில் தோள்பட்டை சரியாக இல்லை என்று அமீனா பீ அங்கேயே ஊசி நூல் கேட்டு வாங்கிச் சரிசெய்துவிட்டு வந்தாள்.

அதன் பிறகு கிண்டிக்கு மாதம் தவறாமல் போய்வருவது ஜஹீதாவின் வேலையாயிற்று. ஸ்பிரிங் தளர்ந்துவிடும், உருண்டைகள் தேயும், காற்றில் ஈரம் சேர்ந்தால் கிளட்ச் ஒட்டிக்கொள்ளும். அவர்கள் வாங்கிய கருவிகளைப் பிரித்துத் துடைத்து, மறுபடி அளவு வைத்துக் கொடுப்பாள். இப்போதெல்லாம் பிரிக்கும்போது ஸ்பிரிங்கின் மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொள்வாள்.

1975இல் அவளுக்கு ஒரு வரன் வந்தது. அதற்கு முன் வந்தவர்கள், பெண் தொழிற்சாலைகளுக்குப் போகிறாள் என்று கேள்விப்பட்டதும் மரியாதையாக நழுவிக்கொண்டார்கள். அமீனா பீக்கு அதில் வருத்தம் உண்டு. ஆனால் வேலையை விடச் சொன்னதில்லை. இந்தத் தடவை வந்தவர் இனாயத்துல்லா. சைதாப்பேட்டையில் ஒரு லாரி ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். அவரை வளர்த்த பெரியம்மா ஜமீலுன்னிசா கூட வந்திருந்தார். ஜஹீதா உள்ளறையில், திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

ஜமீலுன்னிசா டீயைக் கையில் வாங்கிக்கொண்டு கேட்டார். "பொண்ணு என்ன வேலை பாக்குது?"

அமீனா பீ தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். "காத்துல ஓடற ஸ்க்ரூடிரைவருக்கு கிளட்ச் வைக்கிறா."

பெரியம்மா மரியாதைக்குத் தலையாட்டினார். இனாயத்துல்லா மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதுவரை அவர் ஒரு வார்த்தையும் பேசியிருக்கவில்லை.

"எங்க ஒர்க்‌ஷாப்ல சக்கர நட்டு இறுக்க ஒரு காத்துத் துப்பாக்கி வாங்கியிருக்காங்க" என்றார், திரையைப் பார்த்து இல்லை, டீ கிளாசைப் பார்த்து. "மாசத்துக்கு நாலு போல்ட் அறுந்து போகுது. அதுல கிளட்ச் கெட்டுப்போச்சோ?"

திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"இறுக்கும்போது சுத்தியால தட்டுற மாதிரி சத்தம் வருமா?"

"ஆமா, தடதடன்னு."

"அப்போ அது வேற ஜாதி. தட்டித் தட்டி இறுக்கும். அதுல இந்த கிளட்சே கிடையாது. நட்டு உட்கார்ந்ததும் விட்டுடணும். கடைசி இறுக்கத்தை அளவு காட்டுற ஸ்பேனரை வச்சு கையால செய்யணும்."

"அந்த ஸ்பேனர் எங்க கிடைக்கும்?"

"எங்க ஆபீஸ்லயே இருக்கு. கிளட்ச் வச்ச ஸ்பேனர்கூட இருக்கு, அளவு வந்தா கையில டக்குன்னு தெரியும்."

"அதுக்குள்ள இருக்கறது உருண்டையா, இல்லை பல்லா?"

அவள் அதற்கும் விளக்கம் சொன்னாள். அவர் இன்னொன்று கேட்டார். டீ ஆறியது. ஜமீலுன்னிசா திரையையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அமீனா பீயின் பக்கம் சாய்ந்தார்.

"இவங்க என்ன பாஷை பேசறாங்க?"

"உருதுதான்" என்றாள் அமீனா பீ. "நடுவுல கொஞ்சம் இரும்பு."

வேலையை விடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. நிக்காஹ் அந்த வருடக் கடைசியில் நடந்தது. ஜஹீதா சைதாப்பேட்டைக்குக் குடிபோனாள். பெண்ணைப் பெற்றவர் போல மாப்பிள்ளையைப் பற்றி அங்கும் இங்கும் விசாரித்துக்கொண்டிருந்த கல்யாணராமன், கல்யாண விருந்தில் தனக்கென்று தனியாகச் செய்திருந்த சைவச் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டே வேலுவிடம் சொன்னார்.

"நல்ல இடம்தான். சைதாப்பேட்டைலேர்ந்து கிண்டி பக்கம், இல்லியோ?"